ஜெயம்மாள் நிறுத்திய வளைகாப்பு

17

பெருமுக்கலில் ராஜாங்கம் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. தோட்டத்துப் பக்கம் புளிசாதத்துக்குத் தாளிக்கிற வாசனை வந்துவிட்டது. மருமகள் சூர்யகலா பச்சைப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அங்கேதான் விட்டிருந்தோம்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சூர்யகலா பிரம்மதேசத்துப் பெண். மணிமாறனுக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து வருடம் ஆகிறது. 2009 ஐப்பசியில், ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். சூடாக இருக்கும் என்று மாமியார் ஜெயம்மாள் நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்கவைத்துவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து சூர்யகலா பிழைத்தாள். வயிற்றிலிருந்த ஆண் குழந்தை பிழைக்கவில்லை.

ஜெயம்மாளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சூர்யகலாவும் சொல்லவில்லை. அதுதான் ஜெயம்மாளுக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது முறை உண்டானதும், ஊருக்கு வரும் சுகாதார நர்ஸ் பாஞ்சாலி விடாப்பிடியாக நின்று, திண்டிவனத்தில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர் தமிழ்மொழியிடம் அனுப்பிவைத்தார். அது போன புரட்டாசி. பன்னிரண்டு வாரம். டாக்டர் குழந்தையைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் ரத்தம் கொண்டுபோகிற குழாய்களைத் தேடிப்பிடித்து, அவற்றில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடியது. காற்று சீறுகிற மாதிரி சத்தம் கேட்டது.

கூடப் போயிருந்த ராஜாங்கத்துக்குப் புரிகிற மாதிரி டாக்டர் சொன்னார். மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் தாராளமாகப் பாய வேண்டும். இங்கே யாரோ பைப்பை மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி முட்டி முட்டிப் பாய்கிறது. இப்படி இருந்தால் பின்னால் தாய்க்கு அழுத்தம் ஏறலாம். குழந்தைக்குப் போகிற சத்து குறையலாம்.

"இது மாதிரி இருக்கிற பத்துப் பேர்ல மூணு நாலு பேருக்கு வரும். மத்தவங்களுக்கு வராமலே போயிடும். இவங்க எந்தப் பக்கம்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. ஆனா வந்தா, வந்த அன்னிக்கே நமக்குத் தெரியணும்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தினம் படுக்கப்போகும் முன் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. மார்கழி பிறக்கிற சமயம் மறுபடி பார்த்தபோதும் அந்த இறுக்கம் முழுசாக விடவில்லை. இனிமேல் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலேயே அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார். மேல் எண் நூற்று நாற்பதைத் தொட்டாலோ கீழ் எண் தொண்ணூறைத் தொட்டாலோ, உடம்பு எவ்வளவு தெம்பாக இருந்தாலும் சரி, அன்றே கிளம்பி வர வேண்டும்.

ஸ்கேன் சூடு பிள்ளைக்கு ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஜெயம்மாள்தான் கடைசியில் அந்த மிஷினைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்துப் படிக்க வராது. எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பழக்கம். பாஞ்சாலி சொல்லிக்கொடுத்தபடி மருமகளை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மார் உயரத்துக்குத் தலையணையில் வைத்துப் பார்ப்பாள். அன்றைய நாள்காட்டித் தாளில் இரண்டு எண்ணையும் பெரிசு பெரிசாக எழுதுவாள். மறுநாள் தாளைக் கிழித்ததும் நூலில் கோத்துவிடுவாள். 'தானே' புயலில் வாசல் முருங்கை சாய்ந்து, ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதும், பேட்டரி போட்ட மிஷின் என்பதால் ஒரு நாளும் தவறவில்லை.

இனி, 2012 மாசி மாதத்து அந்த வெள்ளிக்கிழமை.

*

மிஷின் 'உர்' என்று இறங்கி நின்றது. மேலே நூற்று ஐம்பத்தாறு. கீழே தொண்ணூற்றெட்டு.

ஜெயம்மாள் எண்ணை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். பட்டையை அவிழ்த்துவிட்டு, புடவைக் கசகசப்பாக இருக்கும், கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார் என்றாள். மகள் கலைப்பிரியாவைக் கூப்பிட்டு விசிறச் சொன்னாள். கலைப்பிரியா ஆவணியில் கல்யாணமாகி மண்டகப்பட்டுக்குப் போனவள். அண்ணிக்கு வளைகாப்பு என்று இரண்டு நாள் முன்னால் வந்திருந்தாள்.

பத்து நிமிடம் கழித்து இரண்டாம் தரம். நூற்று ஐம்பத்தெட்டு, நூறு. அடுத்த கையில் மூன்றாம் தரம். அதே எண்.

நேரம் ஒன்பது ஆகப்போகிறது. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் வளையல் அடுக்க வேண்டும். அதற்கு மேல் ராகுகாலம்.

சூர்யகலா தன் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாள். தலை வலிக்கவில்லை, கண் நன்றாகத் தெரிகிறது, காலையில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன் என்றாள். எல்லாம் உண்மை. போன தடவை வளையல் போட நாள் குறித்து, அதற்கு நாலு நாள் முன்னால்தான் எல்லாம் முடிந்துபோனது. இந்தத் தடவை ஏழாம் மாதத்தில் வேண்டாம் என்று ஒன்பதாம் மாதம் வரை தள்ளி வைத்ததும் அதனால்தான். அந்தப் பச்சைப் பட்டைத் தைப் பொங்கலிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து பிரம்மதேசத்திலிருந்து மினி வேன் வந்து நின்றது. சூர்யகலாவின் அம்மா கோவிந்தம்மாள் வரிசைத் தட்டுகளோடு இறங்கினாள். கூட ஒன்பது பெண்கள். வளையல்காரர் ஏற்கெனவே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஜெயம்மாள் சம்பந்தியை உள்ளே கூட்டிப்போய் மிஷினைக் காட்டினாள். இப்போதே திண்டிவனம் கிளம்ப வேண்டும் என்றாள்.

கோவிந்தம்மாளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டாள். மனையில் உட்காரவைத்து, ஐந்து பேர் சந்தனம் தடவி, வளையல் போட்டு ஆரத்தி எடுத்துவிட்டுப் போகலாமே என்றாள். இத்தனை பேரைக் கூட்டி வைத்துவிட்டு மனையில் உட்காராமல் பெண்ணை எழுப்பிக்கொண்டு போனால், அதைவிட அபசகுனம் வேறு என்ன என்றாள். அவளும் அந்தப் பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவள்தான்.

"பொண்ணு நல்லாத்தானே கீறா சம்மந்தி. தலைவலி கீதா, இன்னா கீது? ஒண்ணும் இல்லியே."

ராஜாங்கம் வாசற்படியில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முடிச்சிட்டே போங்களேன் என்று அவரும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஜெயம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"தலைவலி வரட்டும்னு குந்திக்கினு இருந்தவ நானு. அன்னிக்கி அது வந்துது, பத்து போட்டுட்டு நான் களையெடுக்கக் கொல்லிக்குப் போய்ட்டேன். இன்னிக்கி வர்றதுக்கு மின்னாடியே மிஷினு சொல்லுது. இதையும் கேக்கலன்னா நான் மனுசியே இல்ல. நீங்க ஏசினாலும் பரவால்ல சம்மந்தி, பொண்ண இட்டுக்கினு நான் போறேன்."

அந்த வீட்டில் அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு சூர்யகலாதான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். "போலாம் அத்தே" என்றாள்.

வரிசை கொண்டுவந்த வேனிலேயே பின்சீட்டில் படுக்கை விரித்தார்கள். ஜெயம்மாளும் கலைப்பிரியாவும் ஏறினார்கள். கோவிந்தம்மாள் மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒருவரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஜெயம்மாள் புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள். ராஜாங்கம் பந்தலுக்குள் போய்க் கைகூப்பி, விஷயத்தைச் சொல்லி, இலை போடச் சொன்னார்.

மணிமாறன் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். முந்தின ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வளைகாப்புக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். கலைப்பிரியா அவனுக்குப் போன் செய்து, வீட்டுக்கு வராதே, திண்டிவனத்தில் இறங்கி நேரே ஸ்கேனுக்கு வந்துவிடு என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லையாம். சரி என்று வைத்துவிட்டானாம்.

*

திண்டிவனத்தில் அன்றைக்கு எட்டு மணிக்கே கரண்ட் போயிருந்தது. அந்த வருடம் தினம் அப்படித்தான். ஸ்கேன் சென்டரில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வழியிலேயே கலைப்பிரியா பாஞ்சாலிக்குச் சேதி சொல்லி, அவர் முன்னமே இங்கே போனில் சொல்லியிருந்ததால், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு சூர்யகலாவை உடனே உள்ளே விட்டார்கள்.

டாக்டர் தமிழ்மொழி முதலில் அழுத்தம் பார்த்தார். நூற்று அறுபது, நூறு. சிறுநீர்ச் சோதனையில் புரதம் இறங்குவது தெரிந்தது. பிறகு வயிற்றில் ஜெல் தடவி வெகுநேரம் பார்த்தார். கர்ப்பப்பைக் குழாயை, தொப்புள்கொடியை, குழந்தையின் தலைக்குப் போகும் ரத்தத்தை, ஒன்றொன்றாக.

ஜெயம்மாள் கால்மாட்டில் நின்றாள். திரையில் ஓடுவது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்து மூன்று வாரத்துக்குக் குழந்தை இரண்டு கிலோவாவது இருக்க வேண்டும், இவள் குழந்தை ஒன்றே முக்கால்கூட இருக்காது என்றார் டாக்டர். கொடியில் ரத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை, குழந்தை சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறது என்றார். தாய்க்கு நாம் எதிர்பார்த்துப் பயந்த அதே வியாதிதான். இப்போதுதான் ஆரம்பம்.

பிறகு, வீட்டில் பார்த்த அளவு எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஜெயம்மாள் மடியிலிருந்து நாள்காட்டித் தாள்களை எடுத்து நீட்டினாள். நூலில் கோத்த கட்டு, மஞ்சள் கறையோடு. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மார்கழி முழுக்க நூற்றுப் பத்து, நூற்றுப் பதினாறு. தையில் நூற்று இருபத்திரண்டு. மாசி பிறந்ததும் நூற்று முப்பது. புதன்கிழமை நூற்று முப்பத்தாறு. இன்றைக்கு நூற்று ஐம்பத்தாறு என்று ஜெயம்மாள் வாயால் சொன்னாள்.

ஒருதரம் தலையை நிமிர்த்தி ஜெயம்மாளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அந்த எண்களைத் தன் சீட்டில் எழுதிக்கொண்டார். ரெண்டு நாளில் இவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது, இனிக் காத்திருப்பதற்கில்லை என்றார்.

அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, குழந்தையின் நுரையீரல் பலப்படுவதற்கு முதல் ஊசியும் போட்டார்கள். விழுப்புரத்துக்கு முன்னால் முண்டியம்பாக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு டாக்டரே போன் செய்தார். வரப்போகிற பெண்ணுக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறது, குறைமாதக் குழந்தைக்குப் படுக்கை தயாராக இருக்கட்டும் என்று சொன்னார். 108 வந்து நின்றது.

அதே சமயம் மணிமாறன் ஓடிவந்தான். தோளில் பை, கையில் அவன் வாங்கிவந்த மல்லிகைப்பூப் பொட்டலம். மனைவியைப் பட்டுப்புடவையில் ஸ்டிரெச்சரில் பார்த்ததும் பூவை அவள் தலைமாட்டில் வைத்தான். சூர்யகலா சிரித்தாள்.

வண்டியில் இரண்டு பேர்தான் ஏறலாம் என்றார்கள். மணிமாறன் ஒருத்தன். இன்னொருத்தர் யார் என்று கேட்டபோது கோவிந்தம்மாள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"அத்தை வரட்டும்மா" என்றாள் சூர்யகலா. "நீ கலைப்பிரியாவோட வேன்ல வா."

கோவிந்தம்மாள் ஒரு நொடி நின்றாள். பிறகு மகளின் பையைச் சம்பந்தியிடம் கொடுத்தாள்.

*

முண்டியம்பாக்கத்தில் வண்டி போய் நின்றபோது வாசலில் நர்சுகள் காத்திருந்தார்கள். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தால் ஊசி முழுசாக வேலை செய்யும், அதற்குப் பிறகு எடுக்கலாம் என்பதுதான் அங்கிருந்த பெரிய டாக்டரம்மாவின் எண்ணம். வலிப்பு வராமல் இருக்க மருந்தை முன்கூட்டியே ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு மணி வரை எல்லாம் நிதானமாகத்தான் போனது. மணிமாறன் வெளியே ரத்தம் கொடுக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கட்டில் ஓரத்தில் ஜெயம்மாள் மட்டும் இருந்தாள்.

இரண்டரைக்குச் சூர்யகலா புருவத்தை நெரித்தாள்.

"தலை வலிக்குது அத்தே. உங்க மூஞ்சி சரியாத் தெரியல. எதிர்ல மின்னுது."

அதே வார்த்தைகள். ஆனால் இப்போது நர்ஸ் நாலடி தூரத்தில் இருந்தாள். ஜெயம்மாள் கூப்பிட்ட குரலில் அடுத்த வார்டிலிருந்துகூட ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அழுத்தம் நூற்று எழுபத்தாறு, நூற்றுப் பன்னிரண்டு. ஊசி மேல் ஊசி போட்டார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி இறங்கி ஏறுவதாகக் காகிதப் பட்டையில் கோடு விழுந்தது. பெரிய டாக்டரம்மா வந்து பார்த்தார். இனி ஒரு மணி நேரம்கூடத் தள்ளவேண்டாம் என்று முடிவு செய்தார். வலிப்பு மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. வலிப்பு வரவில்லை.

மூன்றரைக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

வேன் வந்து சேர்ந்திருந்தது. கோவிந்தம்மாளும் கலைப்பிரியாவும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மணிமாறன் கதவைப் பார்த்தபடி நின்றான். ஜெயம்மாள் உட்காரவே இல்லை. ஊரிலிருந்து ராஜாங்கம் இரண்டு தரம் போன் செய்து, இரண்டு தரமும் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு அழுகை கேட்டது. பூனைக்குட்டி கத்துகிற மாதிரி அவ்வளவுதான். கலைப்பிரியாதான் முதலில் கேட்டாள்.

பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூற்று ஐம்பது கிராம். நர்ஸ் துணியில் சுற்றிக் கதவருகே ஒரு நொடி காட்டிவிட்டு, பிறந்த குழந்தைகள் வார்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும், மூச்சுக்குச் சிறிது உதவி வேண்டும். ஆனால் தானாகவே அழுதுவிட்டாள், நல்ல அறிகுறி என்றார்கள். அரை மணி கழித்து, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார்கள்.

பெரிய டாக்டரம்மா வெளியே வந்தபோது மணிமாறன் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் அவசரமாக எங்கோ போகவேண்டியிருந்தது. இருந்தாலும் நின்று ஒரு வார்த்தை சொன்னார். ரெண்டரை மணிக்கு இந்தப் பெண் வீட்டிலேயே இருந்திருந்தால் வலிப்பு நிச்சயம் வந்திருக்கும், இங்கே வந்து சேர்வதற்குள் எதுவும் நடந்திருக்கும், காலையில் யார் கிளப்பிக்கொண்டு வந்தார்களோ அவர்களைக் கும்பிடுங்கள் என்றார்.

இரண்டரை மணிக்குப் பெருமுக்கலில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்திருக்கும். கூட்டத்துக்கு நடுவில் பட்டுப்புடவையோடு தலைவலி என்று சொல்லியிருப்பாள். அலைச்சல், படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். கோவிந்தம்மாள் இதை எண்ணிப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏதேதோ பேசிட்டேன் சம்மந்தி. மனசுல வச்சிக்காதீங்க. பெத்தவ நானு, எனக்குத் தோணல. எம் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்திட்டீங்க."

ஜெயம்மாள் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு வருடத்துக்கு மேலாக அழாத அழுகை. கோவிந்தம்மாள் தடுக்கவில்லை.

மணிமாறன் திண்டிவனத்துக்குப் போன் போட்டு டாக்டர் தமிழ்மொழிக்கு விவரம் சொன்னான். நன்றி சொன்னான். டாக்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"இது வரலாம்னு நான் சொன்னேன், அவ்வளவுதான். அதைச் சொன்னாலும் பாதிப் பேரு வீட்டுக்குப் போய் மறந்துடறாங்க. உங்க அம்மா மறக்கல. அந்தக் காலண்டர் தாள் கட்டு எனக்கு வேணும். இங்க வர்ற வீட்டுக்காரங்களுக்கு நான் அதைக் காட்டணும்."

அவன் போய் அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஜெயம்மாள் கூச்சப்பட்டுப்போனாள். அதில் ஒரு தாளில் மூணு தலைகீழாக எழுதியிருக்கிறதே, அதைப் போய் யாருக்குக் காட்டுவார்கள் என்றாள்.

*

ஐந்தரைக்குச் சூர்யகலா கண் விழித்தாள். அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் மருந்து ஏறவேண்டும் என்றார்கள். ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போகலாம் என்று அனுமதித்தார்கள். அம்மா வந்து போனாள். புருஷன் வந்து, செல்போனில் எடுத்த குழந்தையின் படத்தைக் காட்டி, மூக்கு உன்னுது, கோபம் எங்க அப்பாவுது என்றான்.

ஜெயம்மாள் கடைசியாகப் போனாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் வந்திருந்தாள். சூர்யகலா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அன்னிக்கி கண்ணு மங்குனப்ப நான் ஒண்டியா படுத்துக்கினு இருந்தேன் அத்தே. இன்னிக்கி மங்குனப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க. எனக்குப் பயமே வரல."

ஜெயம்மாள் மருமகளின் நெற்றியில் கை வைத்தாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு சூர்யகலா, உடம்பு தேறட்டும், பாப்பா வீட்டுக்கு வரட்டும், நாம் மூன்று பேரும் சேர்ந்து கைநிறைய வளையல் போட்டுக்கொள்ளலாம் என்றாள். பாஞ்சாலி நர்ஸம்மாவுக்கும் இரண்டு டஜன் என்றாள். ஜெயம்மாள் சிரித்துவிட்டாள்.

அவள் வெளியே வந்தபோது கலைப்பிரியா வராந்தாக் கோடியில் ஜன்னல் ஓரமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தாள். வாடி, டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஜெயம்மாள் கூப்பிட்டாள். கலைப்பிரியா அசையவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, அண்ணிக்கு அந்த மொத ஸ்கேன் எத்தினி வாரத்துல எடுத்தாங்க?"

"பன்னெண்டு. ஏன்டி?"

"எனக்குப் பதினொண்ணு."

ஜெயம்மாளுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒரே நாளில் இரண்டு சந்தோஷமா என்று கேட்டாள். ஏன்டி சொல்லவில்லை என்று முதுகில் ஒன்று வைத்தாள். கலைப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள்.

மண்டகப்பட்டில் மாமியார் வீரம்மாள் கெட்ட மனுஷி இல்லை. மருமகளைத் தரையில் கால் வைக்க விடாமல்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் ஐந்து மாதம் வரை வெளியே சொல்லக் கூடாது, அதுவரை ஊசியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் மகளுக்கு ஸ்கேன் எடுத்த மறுவாரம் கலைந்துபோனதாம். அதனால்தான் கலைந்தது என்று நம்புகிறாள். புருஷன் தீனதயாளன் அம்மா பேச்சைத் தட்டாதவன். கலைப்பிரியாவும் இதுவரை ஒன்றும் நினைக்கவில்லை. இன்று காலையிலிருந்து பார்த்தவற்றுக்குப் பிறகு அவளால் அப்படி இருக்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கும். ஆனா தெரிஞ்சிக்கணும்மா. அடுத்த வாரமும் போய்ட்டா அந்த ஸ்கேனுக்கு நாளு தாண்டிடும். அவரு நாளைக்குக் காத்தால வந்து இட்டுக்கினு போறேன்னிருக்காரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்த போன் அடித்தது. தீனதயாளன்தான். குழந்தை பிறந்த சேதி கேட்டுப் பேசுகிறானாக இருக்கும். கலைப்பிரியா எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஜெயம்மாள் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருமகனிடம் அவள் பேசுவதெல்லாம் சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா என்பதோடு சரி. வீரம்மாள் என்றால் அவளுக்குக் கொஞ்சம் பயமும் உண்டு.

போன் விடாமல் அடித்தது.

"குடு இப்படி" என்று கையை நீட்டி வாங்கினாள் ஜெயம்மாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மகளிடம் கேட்டுக்கொண்டாள். அழுத்திக் காதில் வைத்தாள்.

"மாப்ள, நான் அத்தை பேசறேன்" என்றாள். "உங்க அம்மா பக்கத்துல இருக்காங்களா? இருந்தா அவங்ககிட்ட குடுங்க."